அண்ணன் பேருக்கு வந்த நோட்டீஸ்

2023 மே 12, வெள்ளிக்கிழமை. உளுந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், தெருவில் நாலு பேர் கூடி நிற்கிறார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘சுவாதீன அறிவிப்பு’. அதற்குக் கீழே என் அண்ணன் பெயர். அண்ணன் இறந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

“செத்தவனுக்கு எதுக்குடா தம்பி நோட்டீஸு?” என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடி புவனகிரியிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர், கடலூரிலிருந்து சென்னை என்று பத்து மாதம் அலைந்தேன். வீடு தப்பித்தது. ஆனால், பாதி அலைச்சல் எங்கள் தவறால் வந்தது. அதே தவறை இன்னொரு வீட்டில் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீடு வந்த கதை

எங்கள் ஊர் புவனகிரிக்குப் பக்கம், வெள்ளாற்றை ஒட்டியது. சம்பா நெல், அறுப்புக்கு முன்னால் தெளிக்கிற உளுந்து, இதுதான் பிழைப்பு. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது பழைய ஓட்டு வீட்டின் கூரை போனது. எப்படியோ ஒப்பேற்றினோம். 2015 வெள்ளத்தில் மண்சுவர் இரண்டு பக்கம் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒட்டுப்போட முடியவில்லை.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு அந்த வீட்டில்தான் இருந்தார். சின்னதாக உரக்கடை வைத்திருந்தார். அப்பா இருந்தபோதே வீட்டை அண்ணன் பேருக்கும், நிலத்தில் ஒரு பகுதியை என் பேருக்கும் செட்டில்மென்ட் எழுதிவிட்டார். 2017-ல் அண்ணன் அந்த வீட்டுப் பத்திரத்தை வைத்து ஒரு வங்கியில் 9 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, கான்கிரீட் வீடு கட்டினார். 15 வருஷத் தவணை, மாதம் 9,671 ரூபாய். இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ‘லோன் போட்டுத்தான் கட்டறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தார். எவ்வளவு, எங்கே, யார் ஜாமீன் என்று நான் கேட்கவில்லை. அண்ணனிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம்.

2022 ஆவணியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. 48 வயது.

காரியம் முடிந்த பிறகு அவருடைய பீரோவை யாரும் திறக்கவில்லை. சாவியை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். நானும் கேட்கவில்லை. அண்ணனுடைய போன் சார்ஜ் இல்லாமல் பரண் மேல் கிடந்தது. வங்கியிலிருந்து அதில் எத்தனை முறை கூப்பிட்டார்களோ தெரியாது. பிப்ரவரியில் அவர் பேருக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கிறது. அம்மா தபால்காரரிடம், “அவன்தான் போய்ட்டானே தம்பி, யார்கிட்ட குடுக்கப் போற?” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதை எங்களிடம் சொல்லக்கூட இல்லை. ஆள் போனதோடு கடனும் போய்விடும் என்று அம்மா நினைத்தாரா, நினைக்கவே தெம்பில்லையா, இன்று வரை நான் கேட்டதில்லை.

திரும்பிப் போன அந்தத் தபால்தான் 60 நாள் கெடு சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ்.

தப்பான கதவைத் தட்டிய 19 நாள்

கதவில் காகிதம் ஒட்டிய அன்றே அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாரே என்று வாய்விட்டே சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை.

ஊரில் விவரம் தெரிந்தவர் என்று பேர் எடுத்த ஒருவரிடம் போனேன். “சிதம்பரம் கோர்ட்டுல ஒரு தடை உத்தரவு வாங்கிட்டா பத்து வருஷம் இழுக்கலாம், பயப்படாத” என்றார். செலவுக்கு என்று 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். உளுந்து விற்ற காசு. இன்று நாளை என்று 19 நாள் போனது. மே மாதக் கடைசியில்தான் தெரிந்தவர் ஒருவர், “சிதம்பரம் கோர்ட்டு வளாகத்துலேயே வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கு, இலவசமாவே ஆலோசனை சொல்வாங்க, அங்க போங்க” என்று சொல்லிவிட்டார். அங்கே போனதும், கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருந்த ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன். வக்கீலம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் படித்துவிட்டு, “இது ஒட்டி எத்தனை நாள் ஆச்சு?” என்பதைத்தான் முதலில் கேட்டார். இருபது நாள் தாண்டிவிட்டது என்றேன்.

“சார், இதுக்கு மொத்தமே 45 நாள்தான் டைம். சிவில் கோர்ட் இதை எடுக்கவே முடியாது. சட்டத்துலேயே தடை இருக்கு.”

அதன்பிறகு அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

கோர்ட்டுக்குப் போகாமலே வரும் ஜப்தி

எங்கள் தாத்தா காலத்தில் கடன் கொடுத்தவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வழக்குப் போட்டு, டிகிரி வாங்கி, அமீனாவோடு வந்து, தண்டோரா போட்டு ஏலம் விடுவார்கள். அந்தக் காலத்தில் கடனில் முழுகிய விவசாயிகளைக் காப்பாற்ற 1938-ல் ராஜாஜி அமைச்சரவை மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932-க்கு முந்தைய கடன்களில் நின்றிருந்த வட்டியை அந்தச் சட்டம் தள்ளுபடி செய்தது என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். வழி நீளமாக இருந்ததால் தப்பிக்கவும் கொஞ்சம் நேரம் இருந்தது.

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. அடமானம் வைத்த சொத்தை எடுக்க வங்கி முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தவணை நின்று 90 நாள் ஆனால் வாராக்கடன் என்று கணக்கில் எழுதுவார்கள். பிறகு பிரிவு 13(2)-ன்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். கெடு முடிந்தால் பிரிவு 13(4)-ன்படி சுவாதீனம். கதவில் காகிதம் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பார்கள். வீட்டைப் பூட்ட ஆள்பலம் வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு கொடுப்பார்கள். அதற்கும் பிறகு, 30 நாள் அவகாசம் கொடுத்து ஏலம்.

“இந்தச் சட்டத்துல கோர்ட்டுக்குப் போக வேண்டியது நீங்கதான். நீங்க போகலைன்னா கடைசி வரைக்கும் எந்த ஜட்ஜும் உங்க வீட்டைப் பத்திக் கேட்க மாட்டார்” என்றார் வக்கீலம்மா. எனக்கு அங்கேதான் உறைத்தது. யாரோ ஒரு நீதிபதி கூப்பிட்டு விசாரிப்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு இரண்டு வாசல் இருக்கிறது. முதல் வாசல், அந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பது. கொடுத்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு வங்கி பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாசல், சுவாதீன நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் பிரிவு 17-ன்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது. நம் பக்கத்துக்கு அது சென்னையில் இருக்கிறது. முதல் வாசலை அம்மா தெரியாமல் மூடிவிட்டார். இரண்டாவதில் பாதியை நான் தொலைத்திருந்தேன்.

ஒரு நல்ல செய்தியும் சொன்னார். முன்பெல்லாம் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்றாலே, கேட்கிற தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டச் சொல்லும் விதி இருந்ததாம். 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் அந்தப் படியையே மிதித்திருக்க முடியாது.

யார் வாரிசு, யார் பொறுப்பு?

மனுவில் என் பேரைப் போடலாம் என்று நினைத்தேன். வக்கீலம்மா முடியாது என்றார். அண்ணனுக்கு மனைவி, பிள்ளைகள் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாதான் முதல் வகுப்பு வாரிசு. அம்மா இருக்கும்போது தம்பிக்கு உரிமை வராது. வீடு இப்போது அம்மாவுடையது. வழக்கும் அம்மாவுடையது.

அம்மா அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்து, “அப்ப நான்தான் கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டார். “ஆமாம்மா, நீங்கதான்” என்றதும், மூக்குக்கண்ணாடி கொண்டுவராததற்காக என்னைத் திட்டினார். அண்ணன் போன பிறகு அம்மா என்னைத் திட்டியது அன்றுதான்.

வங்கியின் வசூல் ஆள் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போனில், “தம்பி நிலத்தையும் சேர்த்து எடுத்துடுவோம்” என்று மிரட்டியிருந்தார். அதையும் கேட்டேன். கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, ஜாமீனும் இல்லை. அதனால் என் நிலத்தைத் தொட முடியாது. வாரிசான அம்மாவும் அண்ணனிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அம்மாவின் சொந்த நகையோ, உதவித்தொகையோ அந்தக் கடனுக்கு ஈடு ஆகாது.

விவசாய நிலத்தைப் பற்றியும் சொன்னார். சாகுபடி நிலத்தின் மேல் இந்தச் சர்ஃபாசி சட்டம் பாயாது. பிரிவு 31 விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால், பட்டாவில் நன்செய், புன்செய் என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் பயிர் வைக்கிறோம் என்று நாம்தான் காட்ட வேண்டும். வருஷா வருஷம் அடங்கல் எடுத்து வைத்துக்கொள்வது இதற்குத்தான். அந்த விலக்கு இருந்தாலும் கடன் போய்விடாது. வங்கி வேறு வழியில் வழக்குப் போடலாம்.

அதேபோல, விவசாயி குடியிருக்கும் வீட்டை சாதாரணப் பணக் கடனுக்காக கோர்ட் ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 சொல்கிறது. எனக்கு அப்போதுதான் ஒரு நம்பிக்கை வந்தது. “அந்த வீட்டையே அடமானம் வெச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது சார்” என்று சொல்லிவிட்டார். கைமாற்றுக் கடனுக்கும் அடமானக் கடனுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

பீரோவில் இருந்த காகிதம்

“கடன் சம்பந்தமா வீட்டுல என்ன காகிதம் இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. குறிப்பா, கடன் அனுமதிக் கடிதம்” என்றார் வக்கீலம்மா. அன்று இரவு அம்மா முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். பத்து மாதமாகத் திறக்காத பீரோ. உள்ளே அண்ணனின் சட்டைகள் மடித்தபடி இருந்தன. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் உரக்கடைப் பில்கள், அப்பாவின் இறப்புச் சான்று, வங்கிக் காகிதங்கள்.

மறுநாள் வக்கீலம்மா அந்தக் கடன் கணக்கில் ஒரு வரியை விரலால் காட்டினார். 9 லட்சத்தில் முதல் நாளே 31,500 ரூபாய் பிடித்திருந்தார்கள். ‘காப்பீட்டுப் பிரீமியம்’.

“உங்க அண்ணன் கடனுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கார். அவர் இறந்தா மீதிக் கடனை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டணும். யாருமே கிளெய்ம் பண்ணலையா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் வங்கியிடம் சாவைச் சொல்லவில்லை. வங்கியும் எங்களிடம் இன்சூரன்ஸைச் சொல்லவில்லை. அம்மாவைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போனார் என்று நான் திட்டிய அண்ணன், அதற்காக ஐந்து வருஷத்துக்கு முன்பே பணம் கட்டி வைத்திருந்தார். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அவன் அப்படித்தான்” என்று மட்டும் சொன்னார்.

41-வது நாள்

நாள் குறைவாக இருந்ததால் சென்னையில் ஒரு வக்கீலை நாங்களே வைத்துக்கொண்டோம். கடலூர் வக்கீலம்மா காகிதங்களை எல்லாம் வரிசைப்படுத்திக் கொடுத்தார். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தாரிடமிருந்து வாங்கினோம். இதை அண்ணன் இறந்த உடனேயே செய்திருக்க வேண்டும். அம்மா சிதம்பரத்தில் நோட்டரி முன்னால், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 22-ம் தேதி மனு போட்டோம். காகிதம் ஒட்டியதிலிருந்து 41-வது நாள். 10 லட்சத்துக்கும் குறைவான கடன் என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய் கட்டணம். நோட்டீஸில் கேட்டிருந்தது 8 லட்சத்து 41 ஆயிரம். 4,500 ரூபாய் கட்டினோம்.

எங்கள் வக்கீல் வைத்த முக்கியமான வாதம் ஒன்றுதான். பிப்ரவரியில் டிமாண்ட் நோட்டீஸ் இறந்தவர் பேருக்குப் போயிருக்கிறது. வாரிசுக்கு நோட்டீஸே இல்லை. 60 நாளில் பதில் சொல்லும் உரிமை அம்மாவுக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே, அதன் மேல் எடுத்த சுவாதீனமும் செல்லாது.

முதல் விசாரணையில், நான்கு வாரத்தில் 1 லட்சம் ரூபாய் கட்டினால் மேற்கொண்டு நடவடிக்கை கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. என் மனைவி கேட்காமலே செயினைக் கழற்றிக் கொடுத்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் அதை அடகு வைத்து, மீதிக்கு ஒரு கறவை மாட்டை விற்று, கட்டினோம்.

அடுத்த விசாரணைக்கு வங்கி தன் பக்கத்து ஆவணங்களைக் கொடுத்தது. கடன் வாங்கியவர் இறந்தது தங்களுக்குத் தெரியாது என்று பதிலில் எழுதியிருந்தார்கள். ஆனால், நோட்டீஸ் அனுப்பியதற்கு ஆதாரமாக அவர்களே வைத்த கட்டில், திரும்பி வந்த அந்தப் பதிவுத் தபால் உறையும் இருந்தது. அதன் மேல் தபால்காரர் கையெழுத்தில் ‘பெறுநர் இறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்த் தபால்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். எங்கள் வக்கீல் அதை எடுத்துக் காட்டினார். இரண்டு வாய்தா கழித்து, அந்த நோட்டீஸையும் சுவாதீன நடவடிக்கையையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக வங்கியே எழுதிக் கொடுத்தது.

நான் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன். வக்கீல் கையமர்த்தினார். “நோட்டீஸ்தான் போச்சு, கடன் போகலை. நாளைக்கே உங்க அம்மா பேருக்குப் புது நோட்டீஸ் போடலாம். கிடைச்சது அவகாசம்தான். அதுக்குள்ள முடிச்சுக்குங்க.”

கணக்கு முடிந்த விதம்

இதற்கு இடையில் ஜூலையிலேயே இன்சூரன்ஸ் கிளெய்ம் கொடுத்திருந்தோம். இரண்டு பயம் இருந்தது. ஒன்று, பதினோரு மாதத் தாமதம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளெய்மோடு தாமதத்துக்கான காரணத்தையும் எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது, அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது; படிவத்தில் அதை எழுதவில்லை. இதற்கும் சட்டத்தில் பதில் இருந்தது. காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45-ன்படி, பாலிசி எடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அண்ணன் எடுத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நவம்பரில் 7 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போனது.

முழுக் கடனும் ஏன் அடையவில்லை என்று கேட்கலாம். இந்த வகைக் காப்பீட்டில் தொகை வருஷா வருஷம் குறையும். தவணையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் எவ்வளவு பாக்கி நிற்குமோ, அவ்வளவுதான் தருவார்கள். அண்ணன் 2020-ல் கொரோனா சமயம் ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தவணை விலக்கை எடுத்திருந்தார். அந்த ஆறு மாதத்துக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் சில தவணை தவறியும் இருந்தது. அந்த வித்தியாசமும், இறந்த பிறகு ஏறிய வட்டியும் எங்கள் தலையில்.

நாங்கள் கட்டிய 1 லட்சமும் போக 90 ஆயிரத்துக்குப் பக்கம் நின்றது. அம்மாவையே மேனேஜர் முன்னால் உட்கார வைத்துப் பேசினோம். அபராத வட்டியையும் வழக்குச் செலவையும் விட்டுக்கொடுத்து, 60,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில், சம்பா நெல் விற்றுக் கட்டி முடித்தோம். தீர்ப்பாயத்தில் அதைப் பதிவு செய்து வழக்கை முடித்தார்கள்.

கடன் தீர்ந்ததும் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசிடம் கொடுக்கும் முறையையும் வங்கி முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். மார்ச் மாதம் அம்மா கையில் பத்திரம் வந்தது. அதோடு விடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிட்டோம்.

உங்களுக்குச் சொல்வது

இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பக்கத்தில் பட்டா மாற்றம், வாரிசுச் சான்று பற்றிய கேள்விகளை அடிக்கடி பார்க்கிறேன். பல வீடுகளில் ஒருவர் இறந்து வருஷக் கணக்கான பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது என்பது அவற்றைப் படித்தாலே தெரிகிறது. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அதனால் பட்டதை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே அவருடைய காகிதங்களைப் பாருங்கள். கடன் இருந்தால், இறப்புச் சான்றின் நகலோடு வங்கிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ‘இன்னார் இந்தத் தேதியில் இறந்துவிட்டார், வாரிசுகள் இவர்கள், கடனுக்குக் காப்பீடு உண்டா, கணக்கு விவரம் தரவும்’ என்று நாலு வரி போதும். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இறந்தவர் பேருக்கு வரும் தபாலைத் திருப்பாதீர்கள். வாங்கிப் பிரித்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் திருப்பிய தபால் கடைசியில் கைகொடுத்தது உண்மைதான். ஆனால், அதை வாங்கியிருந்தால் பிப்ரவரியிலேயே இன்சூரன்ஸ் தெரிந்திருக்கும். கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம்.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 60 நாளுக்குள் பதில், 45 நாளுக்குள் தீர்ப்பாயம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையே போய்விடும். 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அப்படி இருக்கிறது. கூட்டுறவு வங்கிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். பொருந்தும் என்று 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நான் இடைத்தரகரிடம் கொடுத்த 15,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.

கடன் வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எவ்வளவு, எங்கே, காப்பீடு உண்டா, பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் இப்போது என் கடன் விவரங்களை ஒரு நோட்டில் எழுதி, மனைவியிடமும் மகளிடமும் காட்டி வைத்திருக்கிறேன். செயினை இன்னும் மீட்கவில்லை. வரும் தை அறுப்புக்கு மீட்டுவிடுவேன் என்று அந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

கதவில் பசை காய்ந்த தடம் இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்கலாம் என்றேன். “பொங்கலுக்கு அடிச்சிக்கலாம்” என்கிறார் அம்மா.